பறப்பதை விட்டுவிட்டு நெல்லைக்கு வந்தால் எந்த வேலை கைகொடுக்கும்?

ராஜினாமாக் கடிதம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரம் கொடுக்காதீர்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோவில் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து போய் பைலட் ஆன பிள்ளைகள், இதை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று என்னிடம் கேட்கும்போது பெரும்பாலும் கடிதத்தைக் கொடுத்து முடித்திருக்கிறார்கள். மெடிக்கல், அதாவது பறப்பதற்கான மருத்துவத் தகுதி, போனதால் வேலையை விடுகிறவர்களுக்கு இந்த அவசரம் பெரிய நஷ்டம். பல விமானக் கம்பெனிகள் பைலட்டுகளுக்கு லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டைக் குழுவாக எடுத்திருக்கும். அந்தப் பாலிசி பொதுவாக நீங்கள் அங்கே வேலையில் இருக்கிறவரைதான் செல்லும். நிரந்தரமாக அன்ஃபிட் என்று தாள் கைக்கு வந்து, காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீதும் வாங்கிய பிறகு விலகுவது ஒன்று. மனசு விட்டுப்போய் முதலில் விலகிவிட்டு அப்புறம் காப்பீட்டைத் தேடுவது வேறொன்று.

அடுத்து நோட்டீஸ் காலம். 2017-இல் டிஜிசிஏ என்ற மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருஷம், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். பலருக்கு இது சிறைமாதிரித் தெரிகிறது. ஆனால் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வேலைக்குப் படிக்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது. கம்பெனியே மூடிப்போனவர்களுக்கு இந்த அவகாசமும் கிடைக்கவில்லை. 2012-இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொன்றும் நின்றபோது ஒரே நாளில் தரைக்கு வந்தவர்கள் அவர்கள்.

நானும் வலது சீட்டில், அதாவது கோ-பைலட்டாக, இருந்து இறங்கி வந்தவன்தான். இப்போது பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பைலட் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன், அதனால் அந்த வழியைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே வாசியுங்கள்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, திரும்பிப் போகிற வாசல் மூடிவிட்டதா, சாத்தி மட்டும்தான் இருக்கிறதா? தற்காலிக அன்ஃபிட் என்பதும் நிரந்தர அன்ஃபிட் என்பதும் முற்றிலும் வேறு. ரத்த அழுத்தம், முதுகு, ஒரு அறுவைச் சிகிச்சை என்று தற்காலிகமாக இறக்கப்பட்டவர்கள் சிகிச்சை முடிந்து மறு பரிசோதனையில் தேறித் திரும்பப் பறக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் பெண் பைலட்டுகளுக்கு வருவதும் தற்காலிகத் தடைதான். குழந்தை பிறந்தபின் ஊரோடு இருந்துவிடு என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு லைசென்ஸையே மறந்துவிடுகிற தங்கச்சிமார்களுக்கு நான் சொல்வது: முடிவை இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள், அதுவரை மெடிக்கலை மட்டும் விடாமல் புதுப்பித்து வாருங்கள். 2023-இல் விதி மாறியபின் கமர்ஷியல் லைசென்ஸ் 5 வருஷத்துக்குப் பதில் 10 வருஷம் செல்லும். ஆனால் கையில் அட்டை இருப்பதும் பறக்கத் தகுதியாக இருப்பதும் ஒன்றல்ல. பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும், வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். இடைவெளி நீள நீள, திரும்பிப் போக சிமுலேட்டர் என்ற தரைப் பயிற்சி எந்திரத்துக்கும் பரிசோதனைப் பறப்புக்கும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். அந்தச் செலவுக்கும் சேர்த்து ஒரு தொகையை ஒதுக்கி வைக்க முடியாதென்றால் வாசல் மூடியதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது விஷயம், பைலட் பயிற்சிக்கு வாங்கிய கடன். இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், ஆனால் நெல்லையில் எந்த வேலை சரிப்படும் என்பதை உங்கள் திறமையைவிட இதுதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் பாக்கி, 11 சதவீத வட்டி, 10 வருஷம் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 69,000 ரூபாய். வங்கியில் பேசி 15 வருஷமாக நீட்டினால் 57,000-க்குப் பக்கத்தில் இறங்கும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 83 லட்சத்திலிருந்து ஒரு கோடியைத் தாண்டிவிடும். நம் ஊரில் புதிதாக ஒரு துறைக்குள் நுழைகிறவருக்குக் கிடைக்கிற சம்பளம் பெரும்பாலும் 20, 25 ஆயிரம்தான். அதாவது கடன் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் அவர் உங்கள் தவணையைக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சரி, வேலை ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது? முதல் காரணம் பட்டம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் பைலட் பயிற்சிக்குப் போய்விடலாம் என்பதால் நிறையப் பேர் கல்லூரிப் பக்கமே போகவில்லை. காக்பிட்டில் அது யாருக்கும் பொருட்டில்லை. வெளியே வந்ததும் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுகிறோம். டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு, எம்பிஏ எல்லாவற்றுக்கும் பட்டம் வேண்டும். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒருவரை ஒரு கம்ப்யூட்டர் படிவம் 'பிளஸ் டூ' என்று எடுத்து வைத்துவிடுகிறது. இது வலிக்கும், எனக்கும் வலித்தது.

இரண்டாவது காரணம் சந்தேகம். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டுப் போனபோது முதலாளி, நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏரோப்ளேன் ஓட்டுன ஆளு நீங்க. நாளைக்கு அவன் கூப்பிட்டான்னா போயிருவிய. ஒங்களுக்கு எல்லாம் பழக்கிக் குடுத்துட்டு நான் என்ன செய்ய?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும், சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், பலர் கேட்காமலே அனுப்பிவிடுவார்கள். அதனால் அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மெடிக்கல் நிரந்தரமாகப் போயிருந்தால் அதை மறைக்காதீர்கள், இங்கே அது உங்களுக்குச் சாதகம். தற்காலிகம் என்றால் இரண்டு வருஷம் கண்டிப்பாக இருப்பேன் என்று எழுதிக் கொடுக்கத் தயார் என்று சொல்லுங்கள், சொன்னால் இருங்கள்.

இதையெல்லாம் வைத்து நான் வழிகளை எப்படி நிறுக்கிறேன் என்றால், அந்த வேலையில் உங்கள் பழைய வருஷங்கள் கணக்கில் சேர்கின்றனவா, அல்லது இருபத்திரண்டு வயதுப் பையனோடு வரிசையில் நிற்கிறீர்களா என்று முதலில் பார்க்கிறேன். நீங்கள் பறந்த நேரத்தையெல்லாம் பதிந்து வைத்திருக்கிற லாக்புக்கை வாசிக்கத் தெரிந்தவர் இருக்கிற இடத்தில் முதல் வேலை தேடுங்கள். சம்பளம் அதற்கு அடுத்துதான்.

அப்படிப் பார்த்தால் முதலில் வருவது விமானத் துறையிலேயே தரை வேலை. ஃப்ளைட் டிஸ்பேட்ச் (பறப்புத் திட்டம் போடுவது), ஆபரேஷன்ஸ் கண்ட்ரோல், க்ரூ ஷெட்யூலிங் (யாருக்கு எப்போது பணி என்று பிரிப்பது), சேஃப்டி பிரிவு, பறப்புத் தரவுகளை அலசும் பிரிவு. இங்கெல்லாம் பைலட்டாக இருந்தவரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. எரிபொருள் கணக்கு, மாற்று விமான நிலையம், வானிலை, பணி நேர விதி எதையும் உங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். கேப்டனாக நிறைய மணி நேரம் இருந்தவர்களுக்குச் சிமுலேட்டர் பயிற்றுநர் வேலையும் இருக்கிறது. குறை என்னவென்றால் இவை எதுவும் நெல்லையில் இல்லை. ஆபரேஷன்ஸ் அலுவலகங்கள் குருகிராம், மும்பை, பெங்களூரு, சிமுலேட்டர்கள் குருகிராம், கிரேட்டர் நொய்டா, பெங்களூரு, ஹைதராபாத். சம்பளமும் பறந்தபோது வாங்கியதன் பக்கத்தில் வராது. ஆனாலும் தவணை 50 ஆயிரத்துக்கு மேல் இருக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால்தான் ஊருக்கு வருகிறேன் என்பவர்கள் குறைந்தபட்சம் பெங்களூரு, சென்னை என்று கேட்டு வாங்கப் பாருங்கள். நாகர்கோவில் - பெங்களூரு ரயில் நம் ஜங்ஷன் வழியாக ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறது, சென்னைக்கு 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் எட்டு மணி நேரத்தில் ஓடுகிறது. மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வர முடிகிற தூரம் இது. குருகிராமிலிருந்து அது நடக்காது.

வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2025 ஜூலையில் புது முனையம் திறந்தாயிற்று, 1,350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள், பெரிய விமானங்கள் இறங்க வழி பிறந்திருக்கிறது. நம் பகுதிக்கு இது பெரிய விஷயம், எனக்கு மனசார சந்தோஷம். ஆனால் அங்கே நமக்கு வேலை இருக்கிறதா என்றால் மிகக் குறைவு. விமான நிலைய ஆணையத்தின் பணிகள் அகில இந்தியத் தேர்வு வழியாக வருகின்றன. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்கு இயற்பியல், கணிதத்தோடு அறிவியல் பட்டமோ பொறியியல் பட்டமோ வேண்டும், பொதுப் பிரிவில் வயது 27-ஐத் தாண்டக் கூடாது. மிச்சமிருப்பது கவுன்ட்டர் வேலையும் சாமான் ஏற்றும் வேலையும்தான். அவற்றைத் தாழ்வாகச் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில் உங்கள் தவணை நிற்காது என்று சொல்கிறேன்.

இப்போது பாடம் எடுப்பது. டிஜிசிஏ தேர்வில் ஏர் நேவிகேஷன், மீட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. இதற்குப் படிக்க நம் பிள்ளைகள் டெல்லி துவாரகா வரை போய், வீட்டு வாடகை, சாப்பாடு என்று கொட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அங்கே வேகமான ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் நடக்கும் வகுப்பில், தமிழ் வழியில் படித்துவிட்டுப் போன ஒரு பையன் முதல் மாதம் வாய் திறக்காமலே உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக ஏன் வேகம் பிடிக்கிறது, மலைக்கு இந்தப் பக்கம் வறண்ட காற்றாக ஏன் இறங்குகிறது என்று தமிழில் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும், மீட்டியராலஜியில் பாதி அவனுக்குப் புரிந்துவிடும். குற்றாலத்தில் சாரல் விழும்போது நாங்குநேரியில் புழுதி பறப்பதை அவன் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறான். வீட்டிலிருந்தே இணையத்தில் வகுப்பு எடுக்கலாம், முதலீடு ஒரு நல்ல கம்ப்யூட்டரும் தடையில்லாத இணைப்பும்தான், உங்கள் பழைய வருஷங்கள் அப்படியே மதிப்பாகின்றன.

ஆனால் முதல் வருஷம் வருமானம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது. மாணவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராகத்தான் வருவார்கள், தேர்வு நெருங்கும்போது கூட்டம், முடிந்ததும் காலி. இன்னொன்றும் உண்டு, இதை நான் ரொம்பத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். மகனைப் பைலட் ஆக்கணும் என்று வயலை விற்கத் தயாராக வரும் பெற்றோரிடம், லைசென்ஸ் வாங்கிய பிறகும் வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பணம் வேண்டும், மெடிக்கல் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். நாம் பட்டதை மறைத்து அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பேர் பிழைப்பில்லை. கோவில்பட்டி பக்கம் பழைய ஓடுதளத்தில் பறப்புப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயற்சி எடுத்து வருகிறது. வந்தால் தரைப் பாட ஆசிரியர்களுக்குத் தேவை இருக்கும், ஆனால் வரட்டும், அதை நம்பி இன்றைய முடிவை எடுக்க வேண்டாம். மெடிக்கல் நன்றாக இருந்து, ஏர்லைனில் இடம் கிடைக்காமல் மட்டும் தவிக்கிற இளையவர்கள் உதவிப் பறப்புப் பயிற்றுநர் ரேட்டிங் எடுக்கப் பாருங்கள். சம்பளம் சுமார்தான், ஆனால் மணி நேரம் கூடிக்கொண்டே போகும்.

அடுத்தது ட்ரோன். பைலட் வேலையை விட்டேன் என்று சொன்னவுடன் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது இதைத்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். முதலில், உங்கள் கமர்ஷியல் லைசென்ஸ் இங்கே செல்லாது. 2021 ட்ரோன் விதிகளின்படி தனியாக ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும், பத்தாம் வகுப்புத் தேறிய 18 வயதுப் பையனும் அதே பயிற்சியில்தான் உட்காருவான். சான்றிதழ் 10 வருஷம் செல்லும். சென்னையில் எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி நடத்துகிறது, தனியார் பள்ளிகளும் உண்டு.

வயலில் மருந்து தெளிக்கிற ட்ரோன் பேட்டரிகளோடு சேர்த்து வாங்கினால் பல லட்சம் ஆகும். ஏக்கருக்கு 500 ரூபாய் கிடைக்கிறது, ஒரு நாளைக்கு 20 ஏக்கர், வருஷத்தில் 60 நாள் வேலை என்று நல்லபடியாகவே வைத்தால் 6 லட்சம். இதில் வண்டி, ஜெனரேட்டர், கூட ஒரு ஆள், சில நூறு தடவை சார்ஜ் ஏறியதும் தளர்ந்துபோகும் பேட்டரி எல்லாம் கழித்தால் பாதி நிற்கலாம். மாதம் 25,000. அந்த 60 நாளும் உறுதியில்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால்தான் கார் பருவ நெல் சாகுபடி, அடுத்து வரும் பிசானப் பருவம் ஒன்றுதான் ஓரளவு நம்பிக்கை. சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் வாழைதான் அதிகம், காற்றும் அதிகம். வரப்பைச் சுற்றித் தென்னையும் மின்கம்பியும் நிற்கிற சின்னச் சின்ன வயல்களில் பஞ்சாபில் தெளிப்பதுபோலத் தெளிக்க முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் மானியம். நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை கிடைக்கிறது. விவசாயக் கருவிகளை வாடகைக்கு விடும் மையம் நடத்துகிறவருக்கு வேறு திட்டத்தில் 40 சதவீதம், 4 லட்சம் வரை. அந்தப் பெண்களுக்கு அது கிடைப்பது மிக நல்ல காரியம், ஆனால் முழு விலைக்கு வட்டிக்கு வாங்கி இறங்குகிற நீங்கள் அவர்கள் சொல்லும் கூலிக்குக் கீழே போக முடியாது. அதனால் தெளிப்பு ட்ரோனைக் கடன் வாங்கி வாங்காதீர்கள். "ஊர் ஊராக டீலர்ஷிப் எடுங்கள், பைலட் என்று உங்கள் படத்தைப் போட்டு விற்கலாம்" என்று சொல்லி வருகிறவர்களிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் சம்பளத்துக்குப் பயிற்றுநராகச் சேர்வது இதைவிட எவ்வளவோ மேல், அங்கே உங்கள் அனுபவத்துக்கு மதிப்பும் இருக்கும்.

ட்ரோனில் நம் பகுதிக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்றால் அது காற்றாலை. கயத்தாறு, வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், ஆரல்வாய்மொழி வரைக்கும் நிற்கிற காற்றாடிகளின் இறக்கைகளில் வெடிப்பு, இடி விழுந்த தடம், தேய்மானம் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பு கயிற்றில் ஆள் தொங்கிச் செய்த வேலை இது. மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம், அப்போது காற்றாடியை நிறுத்தினால் நஷ்டம் என்பதால் பரிசோதனை எல்லாம் மற்ற மாதங்களில் நடக்கும். இங்கே ஒரு பைலட்டின் பழக்கங்கள் அப்படியே பயன்படுகின்றன: காற்றைப் பார்த்து இன்று வேண்டாம் என்று சொல்லும் துணிவு, செய்ததை எழுதிவைப்பது, அனுமதிச் சீட்டு இல்லாமல் கை வைக்காமல் இருப்பது. ஆனால் இதே பகுதியில்தான் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இருக்கின்றன. ட்ரோனை எங்கே ஏற்றலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், தடை உள்ள சிவப்பு மண்டலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒரு அடிகூட ஏற்றக் கூடாது. வாகைக்குளம் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி வேண்டும். ஒப்பந்தங்கள் இங்கே கிடைப்பதில்லை, சென்னை, கோயம்புத்தூர் அலுவலகங்களில்தான் முடிவாகின்றன. எனவே சொந்தமாக ட்ரோன் வாங்குவதற்கு முன் அந்த ஒப்பந்தக்காரர் யாரிடமாவது ஒரு பருவம் சம்பளத்துக்குப் போய்வாருங்கள்.

காற்றாலையிலேயே இன்னொரு வேலை இருக்கிறது, பைலட்டுகள் யாரும் அதை நினைத்தே பார்ப்பதில்லை, எனக்கு அதில் நிறைய நம்பிக்கை. காற்றிலிருந்து நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வரும் என்று ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாகப் பிரித்து முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 2019-இல் ஒழுங்குமுறை வந்தது. கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே வித்தியாசம் அதிகமானால் காற்றாலைக்காரர் அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணிப்பைச் செய்து கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, 24 மணி நேரமும் ஷிப்டில் ஆள் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அறைகள் இருக்கின்றன. இன்ஜினியர்களையும் தரவு தெரிந்தவர்களையும்தான் எடுப்பார்கள், உண்மைதான். ஆனால் வானிலை அறிக்கையை வாசித்து, செயற்கைக்கோள் படத்தில் மேகக் கூட்டத்தைப் பார்த்து, காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்லி அதன்படி முடிவெடுத்துப் பழகியவர்கள் அவர்களிடம் அதிகம் கிடையாது. எக்செல் நன்றாகத் தெரிந்து, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் கொஞ்சம் கற்றுக்கொண்டு போனால் பேச ஒரு இடம் கிடைக்கும். நோட்டீஸ் காலம் என்று முன்னால் சொன்னேனே, அந்த ஆறு மாதத்தில் படிக்க நான் சிபாரிசு செய்வது இதைத்தான். பைலட்டாக இருந்தவருக்கு டேட்டா சயின்ஸ் சுலபம் என்று லட்சக்கணக்கில் கேட்கிற விளம்பரப் படிப்புகள் வேண்டாம், தேவையானது இலவசமாகவே கிடைக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கி அதிகாரித் தேர்வில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, ஓபிசிக்கு 33, பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் ஆலை பெரிதாக வந்திருக்கிறது, தூத்துக்குடியில் கார் ஆலை வந்திருக்கிறது. ஆனால் உற்பத்தி வேலைக்கு அவர்கள் தேடுவது டிப்ளமோ, ஐடிஐ முடித்த இளம் பிள்ளைகளை. அங்கே தொழிற்பாதுகாப்புப் பிரிவுக்குப் போகலாமே என்றால், சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் பதவிக்குப் பட்டமோ பொறியியல் டிப்ளமோவோ, அதன்மேல் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவும் கேட்பார்கள். வளைகுடாவுக்குப் போகத் தயார் என்றால் நெபோஷ் என்ற தொழிற்பாதுகாப்புச் சான்றிதழ் படித்துவிட்டுப் பாதுகாப்பு வேலைக்குப் போகிற வழி ஒன்று உண்டு, அதற்குப் பட்டம் கட்டாயமில்லை. ஊருக்கு வருவதற்காகத்தான் எல்லாவற்றையும் விடுகிறோம் என்றால் அதில் அர்த்தமில்லை.

விமானப்படையில் குறுகிய கால ஆணையில் 14 வருஷம் பறந்துவிட்டு வருகிறவர்களின் கணக்கு வேறு. அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் வாங்க 20 வருஷம் வேண்டும் என்பதால் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் கிடையாது. ஆனால் கையில் பட்டம் இருக்கும், பெரும்பாலும் பயிற்சிக் கடன் இருக்காது, மறுவாழ்வுப் படிப்பாக ஐஐஎம்களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்புக்கும் வழி உண்டு. பாளையங்கோட்டையில் என்சிசி பிள்ளைகளையும் ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறவர்களையும் பழக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

கடைசியாக, வயலைப் பார்த்துக்கொள்கிறேன், அல்லது ஒரு கடை போட்டுக்கொள்கிறேன் என்பது. வயல் ஏற்கெனவே அப்பா கையில் ஓடிக்கொண்டிருந்தால் கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். வயலை விற்றுக் கடனை அடைப்பது பற்றி மட்டும் அவசரப்படாதீர்கள். அடமானம் விவசாய நிலமாக இருந்தால் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வங்கி அதை கோர்ட்டுக்குப் போகாமல் நேரடியாகக் கைப்பற்ற முடியாது, வீடு என்றால் முடியும். எது அடமானத்தில் இருக்கிறது என்பதைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தவணை தவறுவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்த்து காலத்தை நீட்டிக் கேளுங்கள். தவறியபின் கேட்பதைவிட இது பல மடங்கு சுலபம். தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 25 சதவீத மானியமும் வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு. ஆனால் ஒரு கடன் கழுத்தில் இருக்கும்போது இன்னொன்றை எடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம். பறந்துகொண்டிருந்தபோது தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்ல நமக்குப் பயம், மெடிக்கல் போய்விடுமே என்று. இறங்கிய பிறகும் அதே பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். பைலட் மாப்பிள்ளை என்று ஊர் முழுக்கப் பெயர் எடுத்துவிட்டு, மேலரத வீதியில் யாரையாவது பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிற நிலைமை எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், டெலி மானஸ் என்று பெயர், தமிழிலேயே பேசுவார்கள், பணம் கிடையாது. தவணைக் கணக்கையும் மனைவியிடமோ கணவரிடமோ அப்பாவிடமோ ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்.

ஆக என்னிடம் கேட்டால்: பெரிய தவணை இருந்து, மெடிக்கலும் நிரந்தரமாகப் போயிருந்தால் முதல் மூன்று வருஷம் பெங்களூருவிலோ சென்னையிலோ விமானத் தரை வேலை, நெல்லை அதற்குப் பிறகு. பெரிய தவணை இருந்து மெடிக்கல் தற்காலிகம் என்றால் அதே தரை வேலை, கூடவே திரும்பிப் போக ஆகும் செலவுக்கு ஒரு தனிக் கணக்கு. கடன் இல்லை அல்லது அடைகிற அளவில்தான் இருக்கிறது, வீட்டில் பெரியவர்களைப் பார்க்க வேண்டும் என்றால் ஊருக்கே வாருங்கள்: பாடம் எடுப்பதைத் தொடங்கிவிட்டு, காற்றுக் கணிப்பு வேலைக்கு ஒரு பக்கம் முயற்சி செய்யுங்கள், காற்றாலை ட்ரோனை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், தெளிப்பு ட்ரோனைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். எந்த நிலையில் இருந்தாலும் பட்டம் இல்லாதவர்கள் இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்துவிடுங்கள். மூன்று வருஷம் எப்படியும் ஓடத்தான் போகிறது. இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருஷத்துக்கு இரண்டு சேர்க்கை, எது பக்கத்தில் வருகிறதோ அதற்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள்.